சண்டைக்கு மார்க் கிடையாது

ராசா,

எனக்கும் அப்பாவுக்கும் கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு நீ டிக்கெட் போட்டுவிட்டதாக நேற்றுச் சாயங்காலம் அப்பா சொன்னார். திரும்பி வருவதற்கு என்றைக்குப் போட்டிருக்கிறான் என்று கேட்டேன். போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "அது போடல போல" என்றார். மற்ற விஷயமெல்லாம் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கண் ஆஸ்பத்திரிப் பெண் எனக்குப் போட்ட மார்க் போன தடவையைவிட இந்தத் தடவை மிகவும் குறைந்துவிட்டதாம். அதைப் பார்த்து நீ பயந்துபோய்விட்டாயாம். அம்மாவை இனிமேல் அங்கே விட்டுவைக்கக் கூடாது என்று நீயும் மருமகளும் முடிவு செய்துவிட்டீர்களாம். மார்க்கை உனக்கு வாட்ஸப்பில் அனுப்பியது வேறு யாருமில்லை, உன் அப்பாதான். பள்ளிக்கூடத்தில் நீ கணக்கில் பெயிலானதை வருஷக்கணக்காக என்னிடம் மறைத்து வைத்திருந்த மனிதர், என் மார்க்கை மட்டும் அன்றைக்கே ஊர் விட்டு ஊர் அனுப்பிவிட்டார்.

போனில் பேசினால் நீ என்னை முழுதாகப் பேசவிட மாட்டாய். "சரிம்மா, மொதல்ல கெளம்பி வாம்மா" என்பாய். அதனால் எழுதுகிறேன். எழுதுகிறேன் என்றால் நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. நம் ஊர்ப் பேச்சு அதற்குப் பிடிபடுவதில்லை. "இங்கன இருக்கேன்" என்றால் வேறு என்னவோ எழுதுகிறதாம். ஆகவே ரேடியோவில் செய்தி வாசிக்கிறவளைப் போல நிறுத்தி நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். மற்றவர்கள் பேசியதைச் சொல்லுகிற இடங்களை மட்டும் அப்பா கையால் திருத்துகிறார். அவரைப் பற்றி நான் சொல்லுவதையும் அவர்தான் படித்துப் பார்த்து அனுப்ப வேண்டும். எங்கேயாவது ஒரு வரி விட்டுப்போயிருந்தால் அது போனின் தப்பு இல்லை என்று புரிந்துகொள்.

முதலில் என் கண் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உன் கல்யாண அவசரத்தில் உன்னிடம் இதை ஒழுங்காகச் சொன்னதே இல்லை. விழித்திரையில் நடுப்பகுதி போய்விட்டது, ஓரம் இருக்கிறது, இருப்பதைக் காப்பாற்றுவோம் என்பது டாக்டர் சொன்னது. ஒருவரை நேருக்கு நேர் பார்த்தால் முகம் இருக்கிற இடத்தில் புகைமூட்டம்தான் இருக்கும். இரண்டு பக்கமும் காது, கீழே சட்டை. அவரை விட்டுவிட்டுப் பக்கத்துச் சுவரைப் பார்த்தால் அவர் மெள்ள ஓரத்தில் வந்து நிற்பார். ஆகையால் ஒருவரிடம் நான் மரியாதையாகப் பேச வேண்டுமென்றால் அவரைப் பார்க்காமல் இருக்க வேண்டும். உன் மாமனார் முதல் தடவை நம் வீட்டுக்கு வந்தபோது அவர் பேசப் பேச நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் நாள் பார்க்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். "அவ்வளவு அவசரம்னா ஆவணியிலயே வச்சுக்கிடலாம் தங்கச்சி" என்று சொல்லிவிட்டார். உன் கல்யாணம் அத்தனை சீக்கிரம் நடந்ததற்கு உன் ஜாதகம் காரணம் இல்லை.

மேடையில் நீ உட்கார்ந்திருந்தபோது உன்னைப் பார்க்க வேண்டும் என்பதற்காக மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் மருமகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, எவ்வளவு பாசம் என்று மண்டபம் முழுக்கப் பேச்சு. அவளும் அதை நம்பித்தான் என்னிடம் இவ்வளவு பிரியமாக இருக்கிறாள். இப்போது அவளுக்கும் தெரிந்துவிடும், பரவாயில்லை. ஓரத்தில் நீதான் தெரிந்தாய். மாலை, காது, பட்டுச்சட்டையின் தோள்பட்டை. அது போதுமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பார்த்தேன்.

தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்தாள். நிவேதா என்று பெயர். பார்வை குறைந்தவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்கிறார்களாம். அதற்கென்று கேள்விகள் இருக்கின்றனவாம், ஒவ்வொரு பதிலுக்கும் மார்க் உண்டாம். தரம் என்றால் எனக்கு உளுந்தின் தரம் தெரியும். கமிஷன் கடைக்காரர் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, ஊதிப் பார்த்து, பிடிக்காதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு விலை சொல்லுவார். வாழ்க்கைக்குள் இவள் எங்கே கையை விடப்போகிறாள் என்று எனக்கு ஆவலாகத்தான் இருந்தது. ஆனால் அவள் வருவதற்கு முந்தின நாளே நீ போனில் சொல்லிவிட்டாய்: "மார்க் கொறஞ்சா இங்க வந்துரணும், ஆமா." அதனால் முழு மார்க் வாங்கிவிடுவது என்று நான் தீர்மானமாக உட்கார்ந்திருந்தேன்.

அவளோடு இன்னொரு பெண்ணும் வந்திருந்தாள். ஒல்லியாக, உயரமாக, துப்பட்டா போட்டுக்கொண்டு கதவோரம் நின்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கூச்ச சுபாவம் என்று விட்டுவிட்டேன். காப்பி வந்ததும் ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு அவளிடமே போய், "நீயும் குடிம்மா, வெயில்ல வந்துருக்க" என்று நீட்டினேன். நிவேதா மெதுவாக எழுந்து வந்து, "அம்மா, அது கண்ணு டெஸ்ட் பண்ணுத போர்டு மாட்டுத ஸ்டாண்டு. மேல என் ஹெல்மெட்டும் துப்பட்டாவும் கெடக்கு" என்றாள். தம்ளரை அவளே வாங்கி வைத்துவிட்டு, உட்கார்ந்து முதல் கேள்வியைக் கேட்டாள். புதிதாக வருகிறவர்களை அடையாளம் கண்டுகொள்வதில் உங்களுக்குச் சிரமம் இருக்கிறதா என்பது கேள்வி. "சிரமமே இல்ல" என்றேன். அவள் அதையே எழுதிக்கொண்டாள். வளர்த்த விதம் அப்படி, நல்ல பிள்ளை.

ஊசியில் நூல் கோக்க முடிகிறதா என்றாள். கண் நன்றாக இருந்த காலத்திலும் நான் கோத்ததில்லை, கிழிந்ததையெல்லாம் டெய்லரிடம் கொடுத்துவிடுவேன், ஆகவே எந்தச் சிரமமும் இல்லை என்றேன். ராத்திரியில் பஸ் பிடித்துப் போக முடிகிறதா என்றாள். எங்கள் ஊருக்கு ராத்திரியில் பஸ் கிடையாது, கண் தெரிகிறவர்களும் போக முடியாது என்றேன். படியில் இறங்குவது எப்படி என்றாள். "நல்லா எறங்குவேன்" என்று நான் சொல்லி வாயை மூடுவதற்குள் உன் அப்பா, "போன வாரம் விழுந்தாள்லா" என்றார். ஒவ்வொரு கேள்விக்கும் இதே கதைதான். நான் முடியும் என்பேன், அவர் முடியாது என்பார். சம்பந்தப்பட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி என்று சொல்லி அவரை நிவேதா வெளியே அனுப்பினாள். வெளியே போனவர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அங்கிருந்து பதில் சொன்னார்.

கடைசியில், கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் சில கேள்விகள் இருக்கின்றன என்று அவரை உள்ளே கூப்பிட்டாள். நன்றாகத் தூங்குகிறீர்களா என்றாள். இல்லை என்றார். வெளியே நாலு இடம் போய் வர முடிகிறதா. முடியவில்லை. மனசு நிம்மதியாக இருக்கிறதா. "எங்கம்மா நிம்மதி" என்று பெருமூச்சு விட்டார். கூட்டிப் பார்த்தால் இரண்டு கண்ணும் பளிச்சென்று தெரிகிற உன் அப்பா என்னைவிடக் குறைந்த மார்க் வாங்கியிருந்தார். இந்தச் செய்தியை அவர் உனக்கு வாட்ஸப்பில் அனுப்பவில்லை என்று நினைக்கிறேன்.

பெட்டியை மூடுவதற்கு முன்னால் அந்தப் பெண் இன்னொன்றும் கேட்டாள். அக்கம்பக்கத்தாரோடு உறவு எப்படி இருக்கிறது என்றாள். அதற்கு மட்டும் நான் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "ரொம்ப நல்லாருக்கு" என்றேன். முழு மார்க் போட்டாள். போட்டுவிட்டு, "ஏம்மா இதச் சொல்லுதப்ப மட்டும் மொகம் வாடிப் போச்சு" என்றாள். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். உறவு நன்றாக இருப்பதுதான் எனக்கு வருத்தம் என்றேன். கண் போனதில் எனக்கு இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான், அது சண்டை என்றேன். அவள் தன் கையில் இருந்த கம்ப்யூட்டர் பலகையை மேலும் கீழும் தள்ளித் தேடினாள். "சண்டைக்கு இதுல எடமே இல்லையம்மா" என்றாள்.

உனக்கும் இது புரிய வேண்டுமென்றால் உன் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சண்முகத்தாய் இந்த வீட்டின் மறுபாதிக்கு உன் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து எனக்கும் அவளுக்கும் ஆகாது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சிமெண்டுத் தளத்தில் யார் முதலில் தானியம் காயப்போடுவது என்று ஒவ்வொரு அறுப்புக்கும் சண்டை. அவள் ஆடு என் மல்லியைத் தின்றதற்குச் சண்டை. கடம்பூரில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது போளி வாங்கி வந்து, மணம் வெளியே போகக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு தின்பாள். அதற்கும் சண்டை. நீ சின்னப் பிள்ளையில் அந்தச் சத்தத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாய். காலையில் எழுந்தால் இன்றைக்கு அவளிடம் என்ன சொல்ல வேண்டும், அவள் என்ன சொல்லுவாள், அதற்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வேலை இருக்கும். பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடுவேன்.

எனக்குக் கண் போய்விட்டது என்று ஊருக்குத் தெரிந்த அன்றைக்கு அவள் வந்தாள். வாசலில் நின்று, "அக்கா, எப்படி இருக்கீங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுவரைக்கும் என்னை நீ, வா, போ என்று பேசினவள் ராசா அவள். அன்றிலிருந்து எல்லாம் நீங்க, வாங்க. தளத்தில் அவள் இடத்தையும் சேர்த்து எனக்கு விட்டுக்கொடுத்தாள். ஆட்டைக் கட்டிப் போட்டாள். கடம்பூருக்குப் போய் வந்தால் முதல் பொட்டலம் என் கைக்கு வந்தது. போளி நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் வேதனை. பல் தேய்க்கும்போது நினைப்பதற்கு ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. கண் போனதற்கு நான் அழுதது கொஞ்ச நாள்தான். இதற்கு எவ்வளவு அழுதாலும் யாரிடமும் சொல்ல முடியாது. கொழுந்தன் பெண்டாட்டி என்னிடம் அன்பாக இருக்கிறாள் என்று எந்தப் பஞ்சாயத்தில் போய் நிற்பது?

நானும் சும்மா இருந்துவிடவில்லை. உளுந்து அறுத்து வந்ததும் அவளிடம் கேட்காமல் தளம் முழுக்க, அவள் வாசல்படி வரைக்கும் பரப்பி வைத்தேன். வெளியே வந்து பார்த்துவிட்டு, "தாராளமாப் போடுங்கக்கா. நான் பொறவு போட்டுக்கிடுதேன்" என்று உள்ளே போய்விட்டாள். கட்டிக் கிடந்த ஆட்டை விரட்டுகிற சாக்கில் ஒரு கம்பை வீசினேன். அது அவள் பிளாஸ்டிக் குடத்தில் பட்டு விரிசல் விட்டது. "பழைய கொடந்தானே" என்றாள். கடைசியில் என்னிடம் இருந்த பெரிய ஆயுதத்தையே எடுத்தேன். அவள் கொடுத்த போளியை அவள் முன்னாலேயே ஒரு கடி கடித்துவிட்டு, "கடம்பூர் போளி முந்தி மாதிரி இல்ல" என்றேன். கடம்பூர்க்காரியிடம் இதைச் சொல்லிவிட்டு யாரும் முழுதாக வீடு போய்ச் சேர்ந்ததில்லை. அவள் பொட்டலத் தாளை மடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஆமாக்கா. முந்தி மாதிரி இல்லதான்" என்றாள். அன்றைக்குத்தான் எனக்குக் கண் போனது உண்மையிலேயே உறைத்தது.

தை மாதம் தளத்தில் ஒரு பாதியில் எங்கள் உளுந்தும் மறுபாதியில் அவள் பாசிப்பயறும் காய்ந்துகொண்டிருந்தன. அவள் ஒரு சடங்கு வீட்டுக்குக் கடம்பூர் போயிருந்தாள். அப்பாவும் சித்தப்பாவும் கிணற்று மோட்டாரை ரிப்பேருக்குக் கழற்றிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போயிருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் காற்று குளிர்ந்தது. தை மாதத்தில் மழையா என்று நான் நினைப்பதற்குள் இடி. ஒரு சத்தம் கொடுத்துப் பார்த்தேன். தெருவில் அவரவர் களத்துக்கு அவரவர் ஓடிக்கொண்டிருந்தார்கள். விளக்குமாற்றையும் தள்ளுபலகையையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். எங்கள் உளுந்தைக் குவித்து முடித்ததும் அவள் பாசியையும் தள்ள ஆரம்பித்தேன். இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும் என்பதெல்லாம் நினைவிருந்தது. ஆனால் மேகம் இறங்கி வெளிச்சம் போனதும் உளுந்து எது, பாசி எது, வெறுந்தரை எது என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் ஒரே கருப்பு. தள்ளினேன், கூட்டினேன், வாரினேன். தார்ப்பாயை இழுத்துப் போட்டு, நாலு மூலையிலும் கல்லை வைத்து நிமிர்ந்தபோது மழை கொட்டியது. தொப்பலாக நனைந்து நின்றேன். ஒரு மணி பயறுகூட வீணாகவில்லை. ராசா, கண் போன பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. மார்க் போடுகிறவள் அந்த நேரத்தில் வந்திருக்க வேண்டும்.

மழை விட்டதும் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தாள் உன் சித்தி. "பாசி போச்சே" என்று தெருமுனையிலிருந்தே புலம்பிக்கொண்டு வந்தவள், தார்ப்பாயைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "நான்தான் அள்ளி மூடுனேன்" என்றேன் பெருமையாக. அவள் கல்லை நகர்த்தி ஒரு மூலையைத் தூக்கினாள். கையை உள்ளே விட்டு அளைகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஆரம்பித்தாள்.

"யாருட்ட கேட்டுத் தொட்ட நீ? பாசியவும் உளுந்தவும் ஒண்ணாப் போட்டுக் கலக்கி வச்சிருக்கியே, இத இனி எந்தச் சல்லடை போட்டுப் பிரிக்க? விதைக்கின்னு பொறுக்கி வச்ச பாசி அது. ஒரு வேலையத் தொட்டா உருப்படியாச் செய்யத் தெரியுதா? கண்ணு தெரியலையா உனக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவள் காதிலேயே விழுந்தது. தார்ப்பாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன், மூச்சு விரல் வழியாக வந்தது. எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எத்தனை மாதத்துக்குப் பிறகு 'நீ' என்கிறாள். அவள் மன்னிப்புக் கேட்டுவிடப் போகிறாளே, திரும்பவும் 'நீங்க' ஆகிவிடுமே என்று எனக்குப் பதறியது. அதற்குள் நான் பேசிவிட்டேன்.

"தெரியல. அதான் கலந்துட்டு. உனக்குத்தான் ரெண்டு கண்ணும் நல்லா இருக்கே, மேகம் கூடுதது தெரியாம எந்தச் சடங்குக்குப் போன நீ? விதைப் பயறத் தளத்துல போட்டுட்டு ஊர் சுத்தப் போறவள என்னன்னு சொல்ல?"

தார்ப்பாய் மூலையைக் கீழே போட்டாள். பிறகு மெதுவாக, "ஊர் சுத்தவா போனேன்? என் அண்ணன் மக சடங்குக்குப் போனேன்" என்றாள். "அண்ணன் மக சடங்குக்கு நீ போகலன்னா நின்னா போகும்?" என்றேன். அவ்வளவுதான். மடை திறந்துகொண்டது. குடத்தை உடைத்தது, தளத்தை அமுக்கினது, போளியைக் குறை சொன்னது என்று அத்தனை நாள் உள்ளே வைத்துப் பூட்டியிருந்ததை ஒன்று விடாமல் எடுத்துப் போட்டாள். நானும் விடவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் மோட்டாரோடு தெருவில் வந்து நின்றார்கள். வாசல் கேட்டைத் தொட்ட சத்தம் கேட்டது. அதைத் திறக்காமல் இரண்டு பேரும் அப்படியே டீக்கடைக்குத் திரும்பிப் போன சத்தமும் கேட்டது.

தொண்டை கட்டின பிறகு அவள் என் வாசல்படியில் வந்து உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். நான் இன்னும் நனைந்த சேலையோடுதான் இருந்தேன். "நான் என்ன செய்யட்டும்" என்றாள். "உன்ட்டச் சண்ட போட்டா ஊரு என்ன சொல்லும்? கண்ணு தெரியாதவட்ட வம்பு இழுக்கான்னு சொல்லாதா? அதுக்குப் பயந்துட்டு வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன். உன் கொழுந்தன்ட்டப் போட்டுப் பாத்தேன். அவிய ஒண்ணுக்கும் பதில் சொல்ல மாட்டாவ. செவுத்துட்டப் பேசுத மாதிரி இருக்கு. உனக்குக் கண்ணுதான் போச்சு. எனக்கு என்ன போச்சுன்னு யாராவது கேட்டாவளா?" சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். நான் மட்டும்தான் தனியாகக் கிடக்கிறேன் என்று நினைத்திருந்தேன், பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் இவளும் அப்படியே கிடந்திருக்கிறாள்.

கலந்த குவியலைப் பிரிக்க முடியவில்லை. ஆளுக்குப் பாதி என்றாள். என் உளுந்துதான் அதிகம் என்றேன். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. அதுவரைக்கும் இரண்டு வீட்டிலும் தினம் அந்தக் கலப்புப் பயற்றில் அடைதான். அப்பாவும் சித்தப்பாவும் அடையைப் பார்த்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களாம். விதைக்குக் குளத்தூர் மதினியிடம் சொல்லி நல்ல பாசி வாங்கிக் கொடுத்தேன். மணி சிறுசு என்று அதற்கும் ஒரு நாள் பேசினாள்.

சித்திரை வெயிலில் நிவேதா மறுபடியும் வந்தாள். ஒரே கேள்விகளை இரண்டு தடவை கேட்டுப் பார்ப்பார்களாம். இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி சொன்னேன். முகம் தெரியவில்லை. படியில் பயமாக இருக்கிறது. மருந்துச் சீட்டுப் படிக்க முடியவில்லை. விசேஷ வீட்டில் யார் வந்து கையைப் பிடித்தாலும் யார் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. தெரியல என்று ஒரு தடவை தொண்டை கிழியக் கத்திச் சொல்லிவிட்ட பிறகு, அதைச் சொல்லுவதில் எனக்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. ஜன்னல் பக்கம் நின்றிருந்த உன் அப்பாவுக்கு அன்றைக்கு வேலையே இல்லை. அக்கம்பக்கத்தாரோடு உறவு எப்படி என்று கேட்டாள். "ரொம்ப மோசம்" என்றேன். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேனோ, அவள் சிரித்துவிட்டாள். "மார்க் கொறையும்மா" என்றாள். "கொறையட்டும்" என்றேன். நீ பார்த்துப் பயந்த மார்க் அதுதான்.

அவளையும் அவள் கேள்விகளையும் நான் குறை சொல்லவில்லை, ராசா. முதல் தடவை முழு மார்க் வாங்கினபோது எனக்கு ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. முழு மார்க்காரிக்கு என்ன செய்வார்கள்? இந்தத் தடவை குறைந்த இடத்தையெல்லாம் அவள் குறித்துக்கொண்டு போனாள். அடுத்த வாரமே வந்து, படி ஓரங்களில் மஞ்சள் பெயிண்டு அடிக்க வைத்தாள். மருந்துச் சீட்டைப் பெரிதாக்கிக் காட்டுகிற ஒரு கண்ணாடியை வாங்கிக் கொடுத்தாள். போனோடு பேசுவதற்கு அவள்தான் பழக்கினாள். இல்லாதிருந்தால் இந்தக் கடிதமே உனக்கு வந்திருக்காது. அவளிடம் இருக்கிற அளவுகோல் எதை அளக்குமோ அதைச் சரியாகத்தான் அளக்கிறது. நீதான் அதை வைத்துக்கொண்டு அம்மா முழுவதையும் அளந்துவிட்டாய்.

இனி நான் சொல்ல வந்தது. நீ கல்யாணம் ஆனவன். மருமகளுக்கு ஒரு நாள் உடம்புக்கு முடியாமல் போகும், ஒரு நாள் வேலையில் மனசு கசந்து வருவாள். அப்போது கஞ்சி வைத்துக் கொடு, கால் பிடித்துவிடு, எல்லாம் செய். ஆனால் அவள் உன்னோடு போட்டுக்கொண்டிருந்த சண்டையைப் பாவம் என்று விட்டுக்கொடுத்துவிடாதே. அவள் சொன்னது தப்பு என்றால் தப்பு என்று சொல். எதிரில் நிற்பவள் பதில் சொல்லத் திராணி உள்ளவள் என்று நீ நினைப்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது. என்னிடமும் அப்படியே இரு. போன வருஷத்திலிருந்து நீ என்னிடம் எதற்கும் கோபப்படுவதில்லை. நான் சொல்லுவதற்கெல்லாம் சரிம்மா, சரிம்மா என்கிறாய். முன்னெல்லாம் "உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று போனை வைப்பாய். எனக்கு அந்தப் பையன் வேண்டும்.

டிக்கெட்டை ரத்து செய்யாதே. வருகிறோம். மருமகள் கையால் சாப்பிட்டுக் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, இங்கே விதைப்புக்கு முன்னால் திரும்பிவிடுவோம். அதற்கும் சேர்த்து இன்றைக்கே டிக்கெட் போடு. போடுவதை மூன்று பேருக்காகப் போடு, அங்கே வருவதற்கும் இன்னும் ஒன்று போடு. நாங்கள் சென்னைக்குப் போகிறோம் என்று தெரிந்ததும் உன் சித்தி கோபித்துக்கொண்டாள். "நீ போயிட்டா நான் இங்கன யாருட்டப் பேசிக்கிட்டுக் கெடக்க?" என்றாள். சென்னையையும் ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். சித்தப்பா வரவில்லை, ஆட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று உடனே சம்மதித்துவிட்டார். அவ்வளவு வேகமாக அவர் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

பகல் வண்டி என்பதால் ஜன்னலோரம் யாருக்கு என்று காலையிலிருந்து பேச்சு நடக்கிறது. "உனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே, ஜன்னல் எதுக்கு? நான் பாத்துச் சொல்லுதேன்" என்கிறாள். "காத்து வாங்கக் கண்ணு வேணுமா? நீ பாத்துச் சொல்லுத லட்சணம் எனக்குத் தெரியும்" என்கிறேன். சாத்தூர் வரைக்கும் அவள் உட்காரட்டும், அதற்குப் பிறகு நீ உட்கார் என்று உன் அப்பா நடுவில் வந்து ஒரு வழி சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவரை வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லிவிட்டோம்.

அம்மா